‘ரன்’ என்ற சொல்லுக்கு ஒன்பது பெட்டி

டாக்டர் ஆம்ப்ரோஸ் கிளைவ்லிக்குத் தன் அறைக்கு வருகிறவர்களை உட்காரச் சொல்லிப் பழக்கமில்லை. துப்பறியும் ஹெஸ்டர் பைக்குக்கு அந்த அனுமதியைக் கேட்டுப் பழக்கமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள், சொட்டச் சொட்ட நனைந்த குடையை அவருடைய விலை உயர்ந்த கம்பளத்தின் மேலேயே சாய்த்து வைத்தாள். அவளுடைய உதவியாளன் நார்மன் டப் கதவோரம் நின்றபடி, இந்த அறையில் எத்தனை புத்தகம் இருக்கும், அதில் எத்தனையை இந்த மனுஷன் திறந்திருப்பான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டான். இரண்டாவது கணக்கு சீக்கிரமே முடிந்துவிட்டது.

மார்ல்கோம்ப் நகரத்து அகராதி மாளிகை நாற்பது வருஷமாக ஒரு பெரிய ஆங்கில அகராதியைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 1955 நவம்பரில் அது ‘ஆர்’ எழுத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒரு சொல்லை யார், எங்கே, எப்போது, என்ன பொருளில் சொன்னார்கள் என்று ஒரு சீட்டுக்கு ஓர் ஆதாரமாக எழுதிப் பெட்டியில் அடுக்குவார்கள். அந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான் பொருள் எழுத வேண்டும். சீட்டு போனால் சொல் போச்சு. ‘ஓடு’ என்று பொருள்படும் ‘ரன்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துச் சொல்லுக்கு மட்டும் ஒன்பது பெட்டி, ஒன்பதாயிரம் சீட்டு. திங்கட்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை, ஒன்பது பெட்டியும் காலி.

எடுத்தது மிஸ் வினிஃப்ரெட் ஓகிள்தான் என்றார் கிளைவ்லி. பதினாலு வருஷமாக அந்தச் சொல்லைக் கட்டிக்கொண்டு அழுதவள் அவள். அகராதியில் அந்தப் பகுதிக்குக் கீழே தன் பெயரைப் போட வேண்டும் என்று கேட்டாளாம். தானே ஆசிரியராக இருக்கும்போது உதவியாளர் பெயர் எதற்கு என்று மறுத்தாராம். அந்தக் கோபத்தில் அள்ளிக்கொண்டு போய்விட்டாளாம். சாயங்காலம் நாலு மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்குள் ஹெஸ்டர் ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

“முடிவை நீங்களே எழுதிட்டீங்க. அப்புறம் நான் எதுக்கு?” என்றாள் ஹெஸ்டர்.

“வெளியாள் ஒருத்தர் சொன்னா குழு கேட்கும்.”

“சரி. அந்தச் சீட்டு பார்க்க எப்படி இருக்கும்?”

கிளைவ்லி பாடம் நடத்தும் குரலில் சொன்னார். வெள்ளைத் தாள், ஆறு அங்குலம் நீளம், நாலு அங்குலம் அகலம். மசியால் எழுதி, இருபது இருபதாகச் சேர்த்துக் குண்டூசி குத்தியிருக்கும். பதினாலு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் தானே மாடியேறிப் போய்ச் சரிபார்த்ததாகவும் சொன்னார். சாட்சிக்கு ஒரு தடிமனான பதிவேட்டை நகர்த்தி வைத்தார். பக்கத்துக்குப் பக்கம், வெள்ளிக்கு வெள்ளி, ‘சரிபார்த்தேன்’ என்று அவருடைய கையெழுத்து இருந்தது.

நார்மன் ஹெஸ்டரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். வயசு முப்பத்தைந்து. துப்பறிய வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். தேதியைப் பார்த்ததும் கிழமை சொல்கிற வியாதி அவனுக்கு அந்த நாளிலிருந்தே உண்டு.

“சார் ரொம்பக் கடமைவீரர் மேடம். 1953 டிசம்பர் இருபத்தஞ்சு. கிறிஸ்துமஸ் அன்னிக்குக்கூட வான்கோழியை விட்டுட்டு வந்து சீட்டு எண்ணியிருக்காரு.”

கிளைவ்லி பதிவேட்டை வெடுக்கென்று மூடினார். கூலியாட்களின் அபிப்பிராயத்தைத் தான் கேட்கவில்லை என்றார்.

“அவன் கூலியாள் இல்ல, கூலியே இன்னும் குடுக்கல,” என்றபடி ஹெஸ்டர் குடையை எடுத்துக்கொண்டாள். பதிவேட்டையும் எடுத்துக்கொண்டாள்.

மாடிக் கிடங்கில் ஒன்பது பெட்டியும் அலமாரியில் ஒழுங்காக வரிசையில் இருந்தன. ஹெஸ்டர் ஒன்றைத் திறந்து உள்ளே விரலை ஓட்டினாள். முகர்ந்து பார்த்தாள். அடுத்ததையும் முகர்ந்தாள். பிறகு நார்மனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“சோப்பு வாசனை,” என்றான் நார்மன். “நல்ல குடும்பத்துத் திருடன் போல.”

“நகையைத் தூக்கிட்டுப் போறவன் நகைப்பெட்டியைக் கழுவித் தொடச்சு வெச்சுட்டுப் போவானா நார்மன்?”

“எங்க மாமியார் வீட்டுக்கு வந்தா செய்ய வெப்பாங்க.”

“உள்ள இருந்தது பொருள்னு நினைச்சவன் கழுவ மாட்டான். அழுக்குன்னு நினைச்சவன்தான் கழுவுவான். குனிஞ்சு பாரு, அலமாரிக்கு அடியில ஏதாவது தப்பிச்சுக் கிடக்கும்.”

நார்மன் முழங்காலில் விழுந்து கையை விட்டுத் துழாவினான். தூசியோடு ஒரு மஞ்சள் பஸ் டிக்கெட் வந்தது. குப்பைதான் என்று கசக்கப் போனவன் அப்படியே நின்றான். பதினோராம் நம்பர் வண்டி டிக்கெட். பின்பக்கம் எறும்பு எழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. மூலையில் ‘ரன்’. அதற்குக் கீழே: ‘இன்னிக்கு எல்லா வண்டியும் லேட்டாத்தான் ஓடும் தாயி, பிஷப்பே இறங்கித் தள்ளினாலும் சரி. — பஸ் கண்டக்டர், மார்ல்கோம்ப், 9 பிப்ரவரி 1951.’

“மேடம்,” என்றான். “இது நான் சொன்னது.”

ஞாபகம் வந்துவிட்டது. சாம்பல் நிறத் தொப்பி, கையில் குட்டைப் பென்சில், மூன்றாவது இருக்கையில் ஜன்னலோரம் ஒரு அம்மாள். கம்பெனி அனுப்பிய வேவுக்காரி என்று நினைத்து, அவள் வண்டியில் இருக்கும் நாளெல்லாம் சில்லறையைச் சரியாகக் கொடுத்துத் தொலைத்திருக்கிறான். இத்தனை வருஷ நஷ்டம் ஒரு அகராதிக்காக என்று தெரிந்ததும் அவனுக்குக் கோபம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

ஹெஸ்டர் டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “வெள்ளைத் தாள், ஆறுக்கு நாலு, மசி,” என்று அழுத்திச் சொன்னாள். “வாரா வாரம் பாத்தாராம்.”

மிஸ் ஓகிள் எதிர்த்தெருத் தேநீர்க்கடையில் இருந்தாள். புதன்கிழமை மத்தியானத்திலிருந்து அவளை மாளிகைக்குள் விடவில்லை. எந்த மேஜையிலிருந்து பார்த்தால் கிடங்கின் ஜன்னல் தெரியுமோ அந்த மேஜையில் உட்கார்ந்து, வாட்டிய பன்னை ஆற விட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது தாண்டிய, ஒல்லியான, விறைப்பான பெண். முன்னால் ஒரு தாள் இருந்தது. ‘என் கவனக்குறைவால் தொலைந்தன, ராஜினாமா செய்கிறேன்’ என்று கிளைவ்லியே எழுதி அனுப்பியது. நாலு மணிக்குள் அதில் கையெழுத்துப் போட்டால் போலீஸ் இல்லை. போடாவிட்டால் போலீஸ் வரும், பென்ஷனும் போகும்.

அவள் அழுதுகொண்டிருப்பாள் என்று நார்மன் எதிர்பார்த்திருந்தான். அவள் கோபத்தில் எரிந்துகொண்டிருந்தாள்.

ஊரெல்லாம் இருக்கிற வாசகர்கள் தாங்களாக முன்வந்து சீட்டு எழுதி அனுப்புவார்கள் என்று விளக்கினாள். அவர்களுக்கு மாளிகை கொடுத்திருக்கும் விதி: படிக்கும்போது விசித்திரமாகக் கண்ணில் படுகிற சொல்லை எழுது. ஆகவே கழுதை வாலுக்கடியில் போகும் சேணவாரின் பெயருக்கு நானூற்றாறு சீட்டு வந்து குவிந்தது. ‘ரன்’னுக்கு வந்தது முப்பத்தொன்றுதான். படித்த மேதாவிகள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து நூறு தடவை வாயில் வருகிற சொல் யாருக்கு விசித்திரம்?

“தண்ணி ஓடுறதுக்கு அதான், மூக்கு ஒழுகுறதுக்கு அதான். கடை நடக்கும், துணியில சாயம் போகும், குழந்தைக்கு ஜுரம் அடிக்கும், நாடகம் நூறு நாள் போகும், ஒரு பாட்டு தலைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். எல்லாத்துக்கும் இந்த ஒரு சொல்தான். இதை எந்த மகான் புத்தகத்துல எழுதி வெச்சிருக்காரு? கசாப்புக் கடையில, ஆஸ்பத்திரியில, கிரிக்கெட் மைதானத்துல, பஸ்ல நின்னு நான்தான் பொறுக்கினேன்.”

பொறுக்க ஆரம்பித்தது 1941-இல். போர்க்காலம், தாளுக்குத் தட்டுப்பாடு. கையில் கிடைத்ததில் எழுதினாள். சலவைச் சீட்டு, தொத்திறைச்சி சுற்றிய தாள், டிக்கெட். போர் முடிந்தும் பழக்கம் விடவில்லை. போன வாரம் குழுத் தலைவர் சீட்டுகளை நேரில் பார்க்க ஆசைப்படுவதாகக் கிளைவ்லிக்குக் கடிதம் போட்டிருந்தார். இந்தத் திங்களும் செவ்வாயும் இவள் சளிக்காய்ச்சலில் படுத்திருந்தாள். புதன்கிழமை வந்து பார்த்தால் பெட்டி காலி.

“சீட்டு எதுல எழுதியிருக்குன்னு கிளைவ்லிக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் ஹெஸ்டர்.

“பதினாலு வருஷத்துல ஒரு தடவை மூடியைத் திறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

போலீஸ் வந்தால் வரட்டும், அதுகூடப் பெரிதில்லை என்றாள். சீட்டு இல்லாததால் கிளைவ்லி பழைய அகராதி ஒன்றைப் பார்த்துப் பன்னிரண்டு பொருள் எழுதிப் போடப்போகிறாராம். இவள் கண்டுபிடித்து வைத்திருந்தது முந்நூற்று நாற்பத்தொன்று. “பன்னிரண்டு,” என்று இன்னொரு தரம் சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது.

ஹெஸ்டர் அந்தத் தாளை எடுத்து ஆறிப்போன பன்னுக்கு அடியில் செருகினாள். நாலு மணி வரைக்கும் பேனாவைத் தொடாதீர்கள், ஆனால் குழு முன்னால் வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மாளிகையின் பின்வாசலுக்கு நார்மனை அனுப்பினாள். பெருக்கித் துடைக்கிற பெண்மணி அவனுக்குத் தேநீர் ஊற்றிக்கொடுத்து, கேட்காத சங்கதியெல்லாம் கொட்டினாள். திங்கட்கிழமை டாக்டர் மாடியிலிருந்து முகமெல்லாம் சிவந்து இறங்கி வந்தாராம். அலமாரியில் ஒன்பது பெட்டி நிறைய எச்சில் தாளும் டிக்கெட்டும் கிடக்கிறது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவு என்று கத்தினாராம். ஒன்பது சாக்கு ஆயிற்றாம். செவ்வாய்க்கிழமை பழைய பேப்பர் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. யாரும் தன்னைக் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றாள்.

“அடப்பாவி,” என்றான் நார்மன், தெருவுக்கு வந்ததும். “தானே தூக்கிப் போட்டுட்டு அந்தம்மா மேல பழியா?”

“பொய்னு முழுசாச் சொல்ல முடியாது. நல்ல வெள்ளைச் சீட்டை அந்தம்மா எடுத்துக்கிட்டு, பெட்டியில குப்பையை நிரப்பி வெச்சுட்டாங்கன்னே அந்த ஆளு நம்புறாரு. குப்பையைப் பாத்தேன்னு வெளிய சொன்னா, இத்தனை நாளா ஏன் பாக்கலன்னு கேள்வி வரும். அதான் காலின்னு மட்டும் சொல்றாரு.” ஹெஸ்டர் வேகமாக நடந்தாள். “ஒரு சீட்டை எடுத்துத் திருப்பிப் படிச்சிருந்தா போதும். அதுக்குக்கூட மனசில்ல அந்தப் படிச்ச மனுஷனுக்கு.”

பழைய பேப்பர் வியாபாரி ஸ்கெல்லியின் கிடங்கு ரயில் பாலத்துக்கு அடியில் இருந்தது. ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பேப்பரெல்லாம் வியாழக்கிழமை ஆலைக்குப் போய்விடும், போனதும் அரைத்துக் கூழாக்கிவிடுவார்கள் என்று கொட்டாவிக்கு நடுவே சொன்னான். வியாழன் நேற்று. நார்மனுக்குத் தேநீர்க்கடை ஞாபகம் வந்தது. ஜன்னலோரத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாளிடம் போய் இதை யார் சொல்வது?

ஹெஸ்டர் மட்டும் அசையவில்லை. “குண்டூசி குத்தின பேப்பரையும் ஆலைக்காரன் வாங்கிக்குவானா?” என்று கேட்டாள்.

மாட்டானாம். ஒரு ஊசி உள்ளே போனாலும் உருளை கெட்டுப்போகும், லோடு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவானாம். அந்த மாளிகைச் சாக்கைப் பிரித்தால் கைவைத்த இடமெல்லாம் ஊசி. செவ்வாய்க்கிழமை நாளைக்குப் பிடுங்கலாம் என்று வைத்தானாம். புதன்கிழமையும் நாளைக்கு என்று வைத்தானாம். வியாழக்கிழமை இடுப்பு வலியாம். ஒன்பதும் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போய்த் தொலையுங்கள் என்றான்.

இந்த ஊரில் ஒரு சோம்பேறியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் என்று நார்மனுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். மணி மூன்றேகால். கைவண்டி இல்லை, டாக்ஸிக்காரன் சாக்கைப் பார்த்ததும் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கடைசியில் பதினோராம் நம்பர் பஸ்ஸை மறித்து, பழைய சகாவான கண்டக்டரிடம் ஒன்பது சாக்குக்கும் ஒன்பது வசவு வாங்கிக்கொண்டு ஏற்றினான்.

குழு கூடுகிற அறையில் நீளமான மேஜை, பச்சைத் துணி, அதைச் சுற்றி ஐந்து கிழவர்கள். தலைவர் பாதிரியார் வெல்பி. அவருக்கு வலப்பக்கம் கிளைவ்லி, மேஜையின் கடைக்கோடியில் மிஸ் ஓகிள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. நார்மன் சாக்குகளை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் போட்டான்.

அறிக்கை எங்கே என்று கேட்டார் கிளைவ்லி. ஒரே ஒரு விவரம் பாக்கி, குழுவுக்கும் தெரியட்டும், சீட்டு எப்படியிருக்கும் என்று இன்னொரு முறை சொல்லிவிடுங்கள் என்றாள் ஹெஸ்டர். அவர் சலித்துக்கொண்டே சொன்னார். வெள்ளைத் தாள். ஆறுக்கு நாலு. மசி. கடைசியாகப் பார்த்தது போன வெள்ளிக்கிழமை, எல்லாம் சரியாக இருந்தது. புதன்கிழமை திறந்தால் காலி.

ஹெஸ்டர் தலையசைத்தாள். நார்மன் முதல் சாக்கை இழுத்து வந்து பச்சைத் துணியின் மேல் கவிழ்த்தான். டிக்கெட்டும் சலவைச் சீட்டும் எண்ணெய்த் தாளும், யாரோ ஒருவரின் இறுதிச் சடங்கு அறிவிப்பில் பாதியும் கிழவர்களின் மடிவரைக்கும் சரிந்தன.

கிளைவ்லி துள்ளி எழுந்தார். “இந்தக் குப்பையை யார் திரும்ப உள்ள கொண்டுவந்தது? எல்லாத்தையும் கொட்டச் சொல்லி திங்கட்கிழமையே சொன்னேனே.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. பாதிரியார் வெல்பி நிதானமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“எங்கிருந்து கொட்டச் சொன்னீங்க டாக்டர்? புதன்கிழமை திறந்தா காலின்னு இப்பத்தானே சொன்னீங்க?”

கிளைவ்லி எதையோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். அவள் மாற்றி வைத்துவிட்டாள் என்றார், சதி என்றார். ஹெஸ்டர் பதிவேட்டைத் திறந்து கிறிஸ்துமஸ் பக்கத்தைப் பாதிரியார் முன்னால் வைத்தாள். அன்றைக்கு மாளிகை பூட்டியிருந்தது, சாவி பாதிரியாரிடமே இருந்தது. அவர் அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் படிக்கத் தொடங்கினார். மற்ற நால்வரும் தொடங்கினார்கள். ஒரு கிழவர் தொத்திறைச்சித் தாளைப் படித்துவிட்டு, தன் அம்மா இப்படித்தான் சொல்வாள் என்றார்.

பாதிரியார் கையில் தடிமனான ஒரு கட்டு அகப்பட்டது. மற்றவற்றைவிடச் சுத்தமானது, எல்லாம் மாளிகையின் சொந்த உறைகளைக் கிழித்து எழுதியவை. மேலே ஒரு தலைப்பு: ‘தன்னைவிடக் கீழானவர் என்று நினைப்பவரை விரட்டும்போது.’ அவர் சத்தமாகப் படித்தார்.

“‘ஓடும்மா, ஓடிப்போய் உன் வேலையைப் பாரு.’ டாக்டர் கிளைவ்லி, மாடிப்படி, 3 மார்ச் 1942.”

அடுத்ததை எடுத்தார். அதே வாக்கியம், டாக்டர் கிளைவ்லி, அவர் அறை வாசல், 1944. அடுத்தது தோட்டத்தில், 1947. அதற்கடுத்தது இந்த அறையிலேயே, போன வருஷம், குழு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது. இருபது சீட்டு வரைக்கும் படித்தவர் நிறுத்திவிட்டு மிச்சத்தை விரலால் புரட்டினார்.

“இது எத்தனை இருக்கும்மா?”

“இருநூத்திப் பன்னெண்டு ஐயா.”

“எல்லாம் இவரேதானா?”

“ஆமா. அந்த ஒரு பொருளுக்கு மட்டும் நான் ஆளைத் தேடி வெளிய போக வேண்டியே வரல.”

நார்மன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பாதிரியார் சிரிக்கவில்லை. கிளைவ்லியை வெளியே காத்திருக்கச் சொன்னார். அவர் போகிற வழியில் யார்மீதாவது கோபப்பட ஆள் தேடி நார்மனைப் பார்த்தார். நார்மன் மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டான்.

போலீஸ் பேச்சு அதோடு போயிற்று. ஒன்பது சாக்கும் கலைந்து கிடக்கிறதே, திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க முடியுமா என்று பாதிரியார் தயக்கத்தோடு கேட்டார். மிஸ் ஓகிள் அதற்குள் தொப்பியைக் கழற்றிவிட்டு, மேஜையில் கிடந்ததைப் பிரித்து அடுக்கத் தொடங்கியிருந்தாள். எது எங்கே போகும் என்று தனக்குத் தெரியும், திங்கட்கிழமை போய்விடும் என்றாள். ஆனால் கீழே ஆசிரியர் என்று தன் பெயர் இருக்க வேண்டும் என்றாள்.

பாதிரியார் மற்ற நால்வரையும் பார்த்தார். ஒருவரும் மறுக்கவில்லை.

“போட்டுடலாம்மா. அப்ப டாக்டர் கிளைவ்லி பேரு?”

“அதுவும் வரும் ஐயா,” என்றாள் மிஸ் ஓகிள், கையிலிருந்த சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆதாரத்துல.”